கவுன்சிலருக்கு நிற்கப் போகிறீர்களா? அறிவிப்பு வரும் முன்பே முடிக்க வேண்டிய காரியங்கள்

2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு நகராட்சி வார்டுக்குச் சுயேச்சையாக நின்றேன். இரண்டாவதாக வந்தேன். ஓட்டுக் கேட்பதுதான் பெரிய பாடு என்று நினைத்திருந்தேன். உண்மையில் பாடாய்ப் படுத்தியது காகிதம். ஒரு மேஜையில் கேட்டால் அடுத்த மேஜையைக் காட்டினார்கள். அடுத்த மேஜைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். கட்சிக்காரர்களுக்கு இதையெல்லாம் பார்க்க வட்டச் செயலாளரும் வக்கீலும் உண்டு. தனியாக நிற்கும் உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் இதை எழுதுகிறேன். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மூன்றுக்கும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான், தொகைகள்தான் மாறும்.

1. முதலில் காலண்டரைப் பாருங்கள்

2022-ல் நடந்தது இது. ஜனவரி 26 அன்று மாநிலத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை வேட்புமனு, 5-ல் பரிசீலனை, 7-ல் வாபஸ். 17 மாலை 6 மணிக்குப் பிரசாரம் முடிந்தது. 19 சனிக்கிழமை ஓட்டுப்பதிவு, 22-ல் எண்ணிக்கை.

ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பதே வாபஸ் முடிந்த பிறகுதான். சின்னத்தைக் காட்டி ஓட்டுக் கேட்க மீதியிருப்பது பத்து நாள். அந்தப் பத்து நாளில் தாலுகா ஆபீஸுக்கும் நோட்டரிக்கும் அலைந்து கொண்டிருந்தால் வீதிக்கு எப்போது போவீர்கள்? கீழே உள்ளதில் 2 முதல் 6 வரையான வேலைகளை (6-ல் படிவம் எழுதுவது மட்டும் பிறகு) அறிவிப்புக்கு முன்பே, முடிந்தால் ஆறு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

இப்போதுள்ள மன்றங்கள் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றவை. ஐந்தாண்டு என்றால் 2027 மார்ச் தொடக்கத்தில் காலம் முடிகிறது. அதற்காக அந்தத் தேதியை நம்பித் திட்டம் போடாதீர்கள். முந்தைய மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022-ல்தான் வந்தது. நடுவில் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். தள்ளிப்போனாலும் போகும், திடுதிப்பென்று வந்தாலும் வரும்.

2. உங்கள் வீதி எந்த வார்டு?

தெரியும் என்று நினைப்பீர்கள். வளரும் ஊரில் இது நிலையாக இருப்பதில்லை. கருமத்தம்பட்டி, காரமடை, மதுக்கரை, திருமுருகன்பூண்டி எல்லாம் 2021 வரை பேரூராட்சிகள், இன்று நகராட்சிகள். நாமக்கல் 2024-ல் மாநகராட்சி ஆனது. ஊர் தரம் உயர்ந்தாலோ பக்கத்து ஊராட்சிகளைச் சேர்த்தாலோ வார்டு எல்லையை மறுபடி வரைவார்கள். நேற்று வரை ஒன்றாக இருந்த இரண்டு வீதி வேறு வேறு வார்டுக்குப் போய்விடும்.

எல்லை மறுவரையறை வரைவு வெளிவரும்போது ஆட்சேபணை தெரிவிக்கச் சில நாள் அவகாசம் தருவார்கள். அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், நாளிதழில் சின்ன எழுத்தில் வரும். அதைப் பார்த்து உங்கள் வார்டின் வீதிப் பட்டியலை ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சட்டசபைத் தேர்தல் பூத் எண்ணையும் வார்டு எண்ணையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது ஒதுக்கீடு. வார்டுகள் பொது, பெண்கள் பொது, எஸ்.சி. பொது, எஸ்.சி. பெண்கள், எஸ்.டி. என்று பிரிக்கப்பட்டிருக்கும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. இங்கே இரண்டு பொறி. ஒன்று, ஒதுக்கீட்டுப் பட்டியல் வருவதற்கு முன்பே நோட்டீஸ் அடிப்பது. வார்டு மாறிவிட்டால் அத்தனையும் எடைக்குத்தான். இரண்டாவது, பெண்கள் பொது வார்டில் நின்று பழகி, பொது வார்டில் ஆண்கள்தான் நிற்கலாம் என்று நாமே நினைத்துக்கொள்வது. பொது வார்டில் யாரும் நிற்கலாம்.

3. ஓட்டர் லிஸ்ட்

21 வயது முடிந்திருக்க வேண்டும். அந்த நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். நிற்கிற வார்டிலேயே ஓட்டு இருக்க வேண்டும் என்பதில்லை, ஊருக்குள் எந்த வார்டிலும் நிற்கலாம். ஆனால் உங்களை முன்மொழிபவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். 'நம்ம மச்சாண்டார்தானே, கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவாருங்க' என்று இருக்காதீர்கள். அவர் ஓட்டு எந்த வார்டில் என்று லிஸ்டில் விரல் வைத்துப் பாருங்கள். அவசரத்துக்கு இன்னொருவரையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு வார்டில் நிற்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2021 அக்டோபரில் கோவை குருடம்பாளையம் ஊராட்சியில் நடந்த வார்டு இடைத்தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு மொத்தமே ஒரு ஓட்டுதான் விழுந்தது. ஊரே சிரித்தது. அவர் வீட்டு ஓட்டெல்லாம் வேறு வார்டில் இருந்ததுதான் காரணம். உங்கள் வீட்டு ஓட்டுகூட உங்களுக்கு விழாத வார்டில் நிற்பதென்றால் யோசித்து நில்லுங்கள்.

உள்ளாட்சிப் பட்டியலைத் தனியாக வீடு வீடாகப் போய் எடுப்பதில்லை. சட்டசபைப் பட்டியலை எடுத்து வார்டுவாரியாகப் பிரிக்கிறார்கள். ஆகவே திருத்தம் எதுவானாலும் அங்கேதான் செய்ய வேண்டும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றவும் பெயர் திருத்தவும் படிவம் 8. கட்டணம் எதுவும் கிடையாது. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (எஸ்.ஐ.ஆர்.) ஏராளமான பெயர்கள் நீங்கின. 'போன எலெக்ஷனுக்குப் போட்டேனே' என்ற தைரியம் இப்போது செல்லாது. உங்கள் பெயர், வீட்டார் பெயர், முன்மொழிபவர் பெயர் மூன்றையும் புதிய பட்டியலில் பாருங்கள்.

நம் பக்கத்தில் லைன் வீடுகள் அதிகம். தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்கு வந்து பத்து வருடமாக இங்கேயே குடியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டு இன்னும் சொந்த ஊரில் இருக்கும். அவர்கள் விரும்பினால் மாற்றிக்கொள்ள உதவுங்கள். வாடகை ஒப்பந்தம் இல்லாவிட்டால் கேஸ் புத்தகம், வங்கிப் புத்தகம் போன்றவற்றில் இந்த முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இதைத் தேர்தல் நெருக்கத்தில் செய்தால் விண்ணப்பம் முடிவதற்குள் பட்டியல் மூடிவிடும். வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 'ஏனுங்கம்மிணி, ஓட்டு இங்க வந்துட்டா அப்புறம் வீட்டக் காலி பண்ணமாட்டாங்களே' என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஓட்டுக்கும் வாடகை உரிமைக்கும் சம்பந்தமில்லை என்று பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

4. நகராட்சிக்கு ஒரு ரூபாய் பாக்கி இருக்கக் கூடாது

மனு தள்ளுபடியாக எதிராளி முதலில் தேடுவது இதைத்தான். நோட்டீஸ் வந்தும் கட்டாத பாக்கி உங்கள் பெயரில் இருந்தால் அது தகுதிக் குறைவு. சொத்து வரி எல்லோருக்கும் நினைவிருக்கும். மறந்துபோவது மற்றவை:

குடிநீர்க் கட்டணம். பாதாளச் சாக்கடை இணைப்புக் கட்டணமும் மாதக் கட்டணமும். ஜாப் ஒர்க் யூனிட், கடை, தறிக்குடோன் வைத்திருந்தால் தொழில் வரி, தொழில் உரிமக் கட்டணம். நகராட்சிக் கடையை வாடகைக்கு எடுத்திருந்தால் அந்த வாடகை.

எல்லாவற்றையும்விட காலிமனை வரி. லே-அவுட்டில் மூன்று சென்ட் சைட் வாங்கிப் போட்டுவிட்டு அந்தப் பக்கமே போகாதவர்கள் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர். வரி விதிப்பு எண்ணே வாங்கியிருக்க மாட்டார்கள். வாங்கும்போது ஊராட்சியில் இருந்த மனை இப்போது நகராட்சிக்குள் வந்திருக்கலாம். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

கட்டிய ரசீதுகளை மட்டும் நம்பாமல், நிலுவை இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். பில் கலெக்டர் வாயால் சொல்வது பரிசீலனை மேஜையில் உதவாது. அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. புது அரையாண்டு பிறந்ததும் கட்டிவிட்டுச் சான்று கேளுங்கள். முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் சொத்து வரியில் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் உண்டு. வீடு மாமனார் பெயரில் இருந்தால் அந்தப் பாக்கி உங்கள் பாக்கி ஆகாதுதான். இருந்தாலும் ஆட்சேபணை எழுப்பி நேரத்தைத் தின்பார்கள், அதையும் கட்டி முடித்துவிடுவது நல்லது.

நகராட்சி வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவரானால் நிற்பதற்கு முன் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள். நடப்பு ஒப்பந்தம் இருந்தால் சிக்கல். அரசு வேலையில் இருப்பவர் நிற்க முடியாது. ராஜினாமா கொடுத்தால் மட்டும் போதாது, அது ஏற்கப்பட்டிருக்க வேண்டும்.

5. சாதிச் சான்றிதழ்

ஒதுக்கீட்டு வார்டில் நிற்பதற்கும், டெபாசிட் பாதியாகக் கட்டுவதற்கும் தேவை. எஸ்.சி. சான்று தாசில்தார், எஸ்.டி. சான்று கோட்டாட்சியர் தருவது. இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். எஸ்.டி. சான்றுக்கு விசாரணை நீளும், மாதக் கணக்கில் முன்னதாகப் போடுங்கள்.

கல்யாணமான பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. சான்றிதழில் அப்பா இனிஷியல் இருக்கும், ஓட்டர் லிஸ்டில் வீட்டுக்காரர் பெயர் இருக்கும், ஆதாரில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். மனுவில் ஓட்டர் லிஸ்டில் உள்ளபடியே எழுதுங்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்குக் கல்யாணப் பதிவுச் சான்றோ பள்ளிச் சான்றோ கையில் இருக்கட்டும்.

6. உறுதிமொழி ஆவணம்

வேட்புமனுவோடு சேர்த்துத் தரும் இந்த ஆவணத்தில் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் எழுதி நோட்டரி முன்பு கையெழுத்திட வேண்டும். ஒரு ராத்திரியில் எழுதக்கூடியது அல்ல. ஏனென்றால் உங்களுடையது மட்டும் போதாது. கணவர் அல்லது மனைவி, உங்களைச் சார்ந்திருப்பவர்கள் சொத்தும் கேட்பார்கள். வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வைத்திருப்பதெல்லாம் வெளியே வருவது இந்தச் சமயத்தில்தான்.

நிலத்துக்கு பட்டா, பத்திர எண், சர்வே எண், வழிகாட்டி மதிப்பு. வங்கி இருப்பு, எல்.ஐ.சி., வண்டி ஆர்.சி. நகை எத்தனை பவுன், அடகில் எத்தனை. தறியோ தையல் மிஷினோ சொந்தமாக இருந்தால் அதன் மதிப்பு. கட்டிக் கொண்டிருக்கும் சீட்டு. கூட்டுறவுச் சங்கக் கடன், நகைக் கடன், கல்விக் கடன், கைமாத்து. தோட்டம் பங்காளிகள் பெயரில் கூட்டாக இருந்தால் உங்கள் பங்கு எவ்வளவு என்று எழுதுங்கள். பாகப்பிரிவினை ஆகவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

வழக்கு விஷயத்தில் யோசிக்க வைப்பது சின்ன வழக்குகள்தான். குடிநீர் கேட்டு காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தபோது பெயர் எழுதிக்கொண்டு போனார்களே, அது வழக்காகப் பதிவாகியிருக்கலாம். நீதிமன்ற இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடுங்கள், ஸ்டேஷனிலும் கேளுங்கள். இருந்தால் எழுதிவிடுங்கள். இருப்பதால் மனு போகாது, மறைத்தால்தான் பிரச்சினை.

எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். கோடு போடாதீர்கள். 'இல்லை' என்று எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, நோட்டரி முத்திரை இரண்டும் இருக்கிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்திருங்கள். நோட்டரிக்கும் டைப்பிங்குக்கும் சில நூறு ரூபாய் ஆகும். கடைசி இரண்டு நாளில் அதே வேலைக்கு அவர்கள் கேட்பது வேறு விலை.

பழைய தேர்தலில் நின்றவரிடம் படிவத்தை வாங்கி ஜெராக்ஸ் போடாதீர்கள். 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் புதிய சட்டமும் விதிகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. விவரங்களை முன்கூட்டித் திரட்டி வையுங்கள். படிவத்தை மட்டும் அறிவிப்பு வந்தபின் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் புதிதாக வாங்குங்கள்.

7. மனுத் தாக்கல்

டெபாசிட் 2022-ல் பேரூராட்சிக்கு 1,000, நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்கு இதில் பாதி. ரசீதை மனுவோடு வைக்க வேண்டும்.

மனுவில் உங்கள் பாகம் எண், வரிசை எண், முன்மொழிபவரின் பாகம் எண், வரிசை எண் இந்த நான்கு எண்களையும் அச்சடித்த பட்டியலைப் பார்த்து எழுதுங்கள். துணைப்பட்டியல் வந்திருந்தால் வரிசை எண் மாறியிருக்கும். சுயேச்சை என்றால், ஆணையம் தரும் பட்டியலிலிருந்து சின்னங்களை விருப்ப வரிசையில் குறிப்பிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் ஒரே பார்வையில் தெரியும் சின்னமாகப் பாருங்கள். கட்சி சார்பில் என்றால், இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கையெழுத்திட்டுத் தரும் ஏ, பி படிவங்கள் வேண்டும். அது கைக்கு வரும் வரை 'சீட் உறுதி' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நல்ல நாள், ராகு காலம் எல்லாம் பார்த்து எல்லோரும் ஒரே நாளில் ஒரே நேரத்துக்கு வருவார்கள். முதல் இரண்டு நாளில் போய்விட்டால் கூட்டம் இருக்காது. தவறு இருந்தாலும் இன்னொரு மனு தர நேரமிருக்கும். இரண்டு செட் தயாரித்துக் கொண்டு போங்கள். ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

8. பரிசீலனை, வாபஸ்

பரிசீலனைக்கு நீங்களே போங்கள். ரசீதுகள், நிலுவையின்மைச் சான்று, அசல் சான்றிதழ்கள் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும். ஆட்சேபணை வந்தால் கோபப்படாமல் காகிதத்தை எடுத்துக் காட்டுங்கள். தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பரிசீலனைக்கும் வாபஸுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் கொங்கு நாட்டில் உண்மையான தேர்தல். சொந்தக்காரர் வருவார், கோயில் தர்மகர்த்தா வருவார், கம்பெனி முதலாளி வருவார். 'எதுக்குங்க நமக்குள்ள போட்டி, அடுத்த தடவை பாத்துக்கலாம்' என்பார்கள். இருப்பதா விலகுவதா என்பதை வீட்டில் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பெண் வேட்பாளர்கள் என்றால் உங்களிடம் கேட்கவே மாட்டார்கள், நேராக உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். வாபஸ் மனுவில் கையெழுத்து உங்களுடையது என்பதை அவருக்கும் நினைவூட்டி வையுங்கள்.

9. பத்து நாளும் செலவும்

2022-ல் செலவு உச்சவரம்பு: பேரூராட்சி 17,000 ரூபாய், முதல்நிலை மற்றும் இரண்டாம்நிலை நகராட்சிகள் 34,000, சென்னை தவிர்த்த மாநகராட்சிகள் 85,000. அடுத்த தேர்தலுக்கு ஆணையம் புதிதாக அறிவிப்பதைப் பாருங்கள். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று தொடங்கி எல்லாச் செலவையும் அதிலிருந்து செய்தால் பின்னால் கணக்கு எழுத சுலபம்.

நோட்டீஸில் அச்சகத்தின் பெயர், முகவரி, எத்தனை பிரதி என்பது இருக்க வேண்டும். டிசைனை முன்பே முடித்து, சின்னத்துக்கு மட்டும் இடம் விட்டு அச்சகத்தில் சொல்லி வையுங்கள். சுவர் விளம்பரம் வேண்டாம். ஆட்டோ, மைக் இரண்டுக்கும் அனுமதி வாங்குங்கள், இரவு 10 மணிக்கு மேல் மைக் கூடாது.

வீடு தேடிப் போகும் நேரம் நம் ஊரில் தனிக் கணக்கு. பகலில் போனால் பூட்டிய வீடுகளைத்தான் பார்ப்பீர்கள். பனியன் கம்பெனி விட்டு வரவே எட்டு, எட்டரை ஆகும். தறிக்காரர்களில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர் காலை பத்து மணிக்குத் தூங்கிக் கொண்டிருப்பார். எழுப்பி ஓட்டுக் கேட்டால் அந்த ஓட்டு போச்சு. ஞாயிறு காலை கறிக்கடை, மாலை சந்தை, நோம்பி (கோயில் திருவிழா) நடந்தால் கோயில் வாசல். அங்கெல்லாம் ஆட்கள் தாமாகவே கிடைப்பார்கள்.

தேர்தல் நடத்தை விதி இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் ஆவணமில்லாமல் எடுத்துப் போனால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும். யூனிட் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை சம்பளப் பணத்தை வங்கிச் சீட்டு, சம்பளப் பட்டியலோடு கொண்டுபோங்கள். வேட்பாளர் வண்டியில் பிடிபட்ட பணம் சம்பளப் பணம் என்று ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குற்றம். கொடுக்காமல் ஜெயிக்க முடியாது என்று பத்துப் பேர் சொல்வார்கள். நான் கொடுக்கவில்லை, கிடைத்த ஓட்டுக்கு வருத்தமில்லை. கடன் வாங்கிச் செலவு செய்ய நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் பாருங்கள். 2023 முதல் உறுப்பினர்களுக்கு மாத மதிப்பூதியம் மாநகராட்சியில் 10,000, நகராட்சியில் 5,000, பேரூராட்சியில் 2,500 ரூபாய். வட்டிகூடக் கட்டாது.

'சேர்மனுக்கும் சேர்த்து ஓட்டுப் போடணுங்களா?' என்று கேட்பார்கள். 2022-ல் மக்கள் போட்டது வார்டுக்கு ஒரே ஓட்டு. மேயரையும் தலைவரையும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். இதை வீட்டுக்கு வீடு விளக்க வேண்டியிருக்கும்.

10. பூத்திலும் எண்ணும் இடத்திலும்

முகவர் படிவங்களை இரண்டு நாள் முன்பே நிரப்பிக் கையெழுத்திட்டு வையுங்கள். மெஷினைச் சோதிக்க ஓட்டுப்பதிவுக்கு முன் நடத்தும் மாதிரி ஓட்டுப்பதிவுக்கே முகவர்கள் போய்விட வேண்டும். அதற்கு விடியற்காலையில் கிளம்ப வேண்டும். ஓட்டுப்பதிவு தொடங்கிய பிறகு போய்க் குறை சொல்லிப் பயனில்லை. வார்டில் எல்லோரையும் முகம் பார்த்தே அடையாளம் தெரிந்தவரை முகவராகப் போடுங்கள், பக்கத்து ஊர்ப் பையன் வேண்டாம். மெஷின் சீல் வைக்கும்போது எண்களைக் குறித்து வரச் சொல்லுங்கள். எண்ணும் நாளில் அந்தச் சீட்டைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வார்டு எண்ணிக்கை சீக்கிரம் முடிந்துவிடும், தாமதமாகப் போனால் முடிவை வாசலில்தான் கேட்பீர்கள்.

11. தோற்றாலும் கணக்குக் கொடுக்க வேண்டும்

முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ஜெயித்தவர் செய்துவிடுவார். தோற்றவர்கள்தான் 'அதான் முடிஞ்சுதே' என்று விட்டுவிடுகிறார்கள். கணக்குக் கொடுக்காதவரை ஆணையம் மூன்றாண்டுக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். நடுவில் இடைத்தேர்தல் வந்தால் அப்போதும் நிற்க முடியாது. வாபஸுக்குப் பின் போட்டியில் இருந்த எல்லோருக்கும் இது பொருந்தும், ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாவிட்டாலும்.

டீக்கடை பாக்கி, ஆட்டோ வாடகை, நோட்டீஸ் பில் எல்லாவற்றுக்கும் அன்றன்றே ரசீது வாங்கித் தேதிவாரியாக ஒட்டி வையுங்கள். கணக்கைக் கொடுக்கும்போது முத்திரை போட்ட ஒப்புகை வாங்கி, அதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அப்படியே டெபாசிட் திரும்பக் கிடைக்குமா என்றும் அதே அலுவலகத்தில் கேட்டு, கிடைக்குமென்றால் மனு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கேட்காவிட்டால் அவர்களாகக் கூப்பிட்டுத் தரமாட்டார்கள்.